பன்னிரண்டு சதவீதம்

ஜூன் 3, திங்கள்

காலையில் டீன் அலுவலகத்திலிருந்து ஒரு கோப்பு வந்தது. வேதியியல் துறை ஆய்வு மாணவி நஸ்ரின் பானு, நான்காம் ஆண்டு. அவள் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த நடுவர், காந்த அளவீட்டை மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் காந்தமானிக்கு நான் பொறுப்பேற்றுப் பதினொரு வருடம் ஆகிறது. நான் இல்லாத நேரத்தில் எடுத்த அளவீட்டுக்குத்தான் இப்படி ஒரு கேள்வி வரும். மார்ச்சில் மூன்று வாரம் விடுப்பில் இருந்தேன். அப்போது டெக்னீஷியன் சூசைராஜ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஏப்ரலில் மின்சாரம் ஏறி இறங்கியதில் கணினியின் வட்டு போய்விட்டது. ஆகவே மூலக் கோப்பு இல்லை. அந்தப் பெண்ணின் பென் டிரைவில் இருக்கும் எண்கள் மட்டும்தான் சாட்சி. வசதியான சாட்சி.

அவள் சொல்வது இது. நடுவில் ஒரு கோபால்ட் அணு, அதைச் சுற்றி மூன்று ஈனிகள். பாடப்புத்தகத்தில் ஈனி என்பது உலோகத்துக்கு எலக்ட்ரான் இணையைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும் மூலக்கூறு. இவளுடைய ஈனிகளில் இரண்டு அப்படி அமைதியாக இருப்பவை அல்லவாம். குளிரில் ஓர் எலக்ட்ரானைத் தன்னிடமே வைத்துக்கொள்ளுமாம். அறை வெப்பத்தில் அதை உலோகத்துக்கு அனுப்பிவிடுமாம். அப்படி அனுப்பியதும் கோபால்ட்டின் சுழற்சி நிலையே மாறி, மூலக்கூறில் தனித்து நிற்கும் எலக்ட்ரான் ஒன்று என்றிருந்தது ஐந்தாகுமாம். நிறமும் நீலத்திலிருந்து பச்சையாகுமாம்.

இப்படி நடக்கும் சேர்மங்கள் உண்டு, தெரியும். ஆனால் விளங்காத எண் வந்தால் ‘ஈனிதான் காரணம்’ என்று கைகாட்டுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது.

மாதிரியைக் கொடுக்க அவளே வந்தாள்.

“மேடம், ஒரு விஷயம். இத மட்டும் காய வெக்காதீங்க.”

“என்னது?”

“டெசிகேட்டர்ல வெச்சா என்னமோ ஆயிடுது மேடம். அப்புறம் கலர் மாறவே மாட்டேங்குது.”

“என்னமோன்னா?”

“எனக்கே சரியாத் தெரியல.”

“தெரியாதத ஃபாரத்துல எழுத முடியாது. சுவத்துல என்ன ஒட்டியிருக்கு, படி.”

படித்தாள். “எந்த மாதிரியும் ஓர் இரவு வெற்றிடத்தில் உலர்த்திய பிறகே எடை போடப்படும். விதிவிலக்கு இல்லை.”

“யார் எழுதுனது?”

“நீங்கதான் மேடம்.”

“அப்ப போயிட்டு வா.”

ஜூன் 4, செவ்வாய்

நேற்று மாலை டெசிகேட்டரில் இருபத்தைந்து மில்லிகிராம் வைத்தேன். காலையில் எடுத்தால் இருபத்திரண்டு. பன்னிரண்டு சதவீதம் ஈரம்! நான்கு வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவளுக்கு ஒரு பொடியைக் காய வைக்கத் தெரியவில்லை. காய வைக்காதீர்கள் என்று ஏன் கெஞ்சினாள் என்பது இப்போது விளங்குகிறது. எடை குறைந்தால் அவளுடைய எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும்.

மாதிரியைக் காந்தமானிக்குள் இறக்கி, வழக்கம்போல மூன்று முறை பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சி, மூன்று முறை ஹீலியம் நிரப்பினேன். உள்ளே ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருந்தால் ஐம்பது கெல்வினுக்குப் பக்கத்தில் வரைகோட்டில் ஒரு மேடு வரும். பதினொரு வருடத்தில் என் வரைகோடு எதிலும் அந்த மேடு வந்ததில்லை.

வீட்டில் தண்ணீர் வாளியைத் தூக்கப் போனேன். கணவர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். ஆறு மாதம் எடை தூக்கக் கூடாதாம். அதற்காக என்னைப் பீங்கான் பொம்மை மாதிரி நடத்த வேண்டியதில்லை.

ஜூன் 6, வியாழன்

நேர்கோடு. இரண்டு கெல்வினிலிருந்து முந்நூற்றைம்பது வரை தனித்த எலக்ட்ரான் ஒன்றே ஒன்று. ஐந்தாம், ஐந்து! எந்த ஈனியும் எந்த எலக்ட்ரானையும் எங்கும் அனுப்பவில்லை.

வரிப் பணத்தில் ஓடும் கருவி, ஹீலியத்துக்கு நாங்கள் படும் பாடு, இவள் வீட்டில் உட்கார்ந்து எண்களைத் தட்டி வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள்.

இது முதல் தடவை அல்ல. எட்டு வருடத்துக்கு முன் மாசிலாமணி என்று ஒரு மாணவன் ஓர் இரும்புச் சேர்மத்தைக் கொண்டுவந்து இதே கதையைச் சொன்னான். என் அளவீட்டில் ஒன்றும் வரவில்லை. ‘மாணவர் கூறும் மாற்றம் காணப்படவில்லை’ என்று அறிக்கை கொடுத்தேன். ஆறு மாதத்தில் படிப்பை விட்டுவிட்டுப் போனான். இந்த அறிக்கையிலும் அதே வாக்கியத்தை எழுதினேன். கூடவே ஒரு வரி: ‘முந்தைய எண்களின் நம்பகத்தன்மை விசாரிக்கப்பட வேண்டும்.’

ஜூன் 7, வெள்ளி

நஸ்ரினின் வழிகாட்டி பேராசிரியர் திருவேங்கடம் வந்தார். போன மாதம் கருத்தரங்கில் ‘எங்கள் கண்டுபிடிப்பு’ என்று மார்தட்டியவர்.

“எனக்கு ஆரம்பத்துலேருந்தே ஒரு டவுட்டு இருந்துச்சு மேடம்.”

“அப்படியா? கட்டுரையில உங்க பேர் ரெண்டாவதா இருக்கே.”

“அது சம்பிரதாயம்தானே.”

“டவுட்டையும் சம்பிரதாயத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம் சார்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். பொய் சொல்பவளைவிட, பொய் பிடிபட்டதும் முதலில் நழுவுபவர் மீதுதான் எனக்கு அருவருப்பு.

ஜூன் 11, செவ்வாய்

டீன் என்னையும் விசாரணைக் குழுவில் போட்டுவிட்டார். நஸ்ரினின் பென் டிரைவிலிருந்த எண்களை அச்சிட்டு வரைகோடாக்கிப் பார்த்தேன். இருநூற்றெண்பது கெல்வின் வரை படுத்திருக்கிறது. பிறகு செங்குத்தாக ஏறுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே நம்ப முடியவில்லை.

இடது பக்கத்தில், ஐம்பது கெல்வினில், ஒரு சின்ன மேடு.

ஆக்சிஜன்! என் கருவியில் வராத மேடு! அகப்பட்டுக்கொண்டாள். இந்த எண்கள் என் கருவியிலிருந்து வந்தவையே அல்ல. வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறாள். குழுவுக்குக் கொடுக்க அந்த மேட்டைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்தேன்.

ஜூன் 13, வியாழன்

விசாரணை. டீன், திருவேங்கடம், நான். எதிரே அவள்.

டீன் ஒரு தட்டச்சுக் கடிதத்தை நீட்டினார். தரவுகளில் பிழை நேர்ந்தது, வருந்துகிறேன், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம் வேலை செய்து வேறு தலைப்பில் ஆய்வேடு கொடுக்கலாம். போடாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு ரத்து.

“படிச்சுட்டு போடும்மா. உன் நல்லதுக்குத்தான்” என்றார் திருவேங்கடம்.

“போட மாட்டேன் சார்.”

“அடம் புடிக்காத. ரெண்டே வருஷம்.”

“மாறுனத நான் கண்ணால பாத்தேன் சார். உள்ளங்கையில வெச்சா பச்சை. ஐஸ் மேல வெச்சா நீலம். நீங்களும்தான் பாத்தீங்க. போட்டோ எடுத்தீங்களே.”

திருவேங்கடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

நான் சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். “இந்த மேடு எங்கேருந்து வந்துச்சு?”

குனிந்து பார்த்தாள். “தெரியல மேடம். வந்த எண்ண அப்படியே வெச்சிருக்கேன்.”

“அழிச்சிருக்கலாமே?”

“ஏன் மேடம் அழிக்கணும்? மெஷின் குடுத்ததுதானே?”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதவருகே போனதும் திரும்பி டீனைப் பார்த்துச் சொன்னாள்: “எங்க அத்தா கிட்ட நான் திருடலன்னு சொல்லிட்டேன் சார். நீங்க கடிதத்துல திருடுனேன்னு எழுதி வெச்சுட்டு நல்லதுங்குறீங்க.”

என்ன துணிச்சல்.

ஜூன் 14, வெள்ளி

அந்தப் பெண்ணின் துணிச்சல் நேற்று முழுக்க என்னை விடவில்லை. எரிச்சல்தான். வேறொன்றுமில்லை.

ஜூன் 16, ஞாயிறு

டாக்டர் மேனகாவிடம் மூன்றாம் மாதப் பரிசோதனை. எல்லாம் நன்றாக ஆறியிருக்கிறதாம். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது, தூக்கம் வரவில்லை, யாரைப் பார்த்தாலும் கோபம் வருகிறது என்று சொன்னேன்.

“கருப்பைய எடுத்தா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். அது சும்மாதானேம்மா இருந்துச்சு? இனிமே தொந்தரவு இல்லன்னு நெனச்சுக்குங்க.”

சரி என்றேன். இதைப் பற்றி இங்கே எழுத வேறொன்றுமில்லை. மாவு அரைத்து வைத்தாயிற்று. கிரைண்டர் கல்லை அவர்தான் தூக்கினார்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு காயில் புழு. அந்தப் பாதியை வெட்டி எறியப் போனவள் கத்தியைக் கீழே வைத்தேன்.

கண்காட்சிக்கு மெழுகில் செய்து வைக்கும் காயில் புழு இருக்காது.

எண்களைப் புனைகிறவள் எதற்காக ஓர் ஆக்சிஜன் மேட்டைப் புனைவாள்? அப்படி ஒரு மேடு உண்டு என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் அழித்திருப்பாள். அந்த மேடு அழுக்கு. நிஜமாக அளந்தால்தான் அழுக்கு வரும். எந்தக் கருவியில் அளந்தாலும், பம்ப் போடாமல் அளந்தால்தான் வரும்.

அப்படியானால் மார்ச்சில் என் கருவியில் பம்ப் போடாமல் அளந்திருக்கிறார்கள். சூசைராஜ்! மூன்று வாரம் நான் இல்லையென்றால் இவ்வளவு அலட்சியமா? நாளைக்கு இருக்கிறது அவருக்கு.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று கணவர் சொன்னார். இரண்டாவது தடவை சொன்னபோதுதான் காதில் விழுந்தது.

ஜூன் 18, செவ்வாய்

சூசைராஜ் வந்ததும் கேட்டேன். ஐம்பத்தாறு வயது மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

“மார்ச்ல பம்ப் போடாமயா ஓட்டுனீங்க?”

“பம்ப் சர்வீஸுக்குப் போயிருந்துச்சு மேடம். ஹீலியம் மட்டும் ஊதிட்டு ஓட்டிட்டேன். அந்தப் பொண்ணு தேதி வாங்கி ரெண்டு மாசமா காத்துக்கிட்டு இருந்துச்சு.”

“அத இத்தன நாள் ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா மேடம்? ரிட்டயர்மென்டுக்கு நாலு வருஷம் இருக்கு.”

“அந்தப் பொண்ணு படிப்பே போகுது சூசைராஜ்!”

“உங்க கிட்ட வாயத் தொறக்கவே எனக்குப் பத்து நாளா தைரியம் வரல. அதான் நெசம்.”

கத்த வாயெடுத்தேன். பிறகு வேறொரு கேள்வி வந்தது. டெசிகேட்டரும் அதே பம்பில்தான் ஓடுகிறது.

“அப்ப காய வெக்கவும் இல்லியா?”

“எதுல காய வெக்கிறது மேடம்? அப்படியேதான் எடை போட்டேன். அந்தப் பொண்ணும் அதத்தான் கேட்டுக்கிச்சு.”

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுடைய கட்டுரையை முதல் தடவையாக முழுதும் படித்தேன். நான்காம் பக்கத்தில் படிக அமைப்பின் படம். ஒவ்வொரு கோபால்ட் மூலக்கூறுக்கும் பக்கத்தில் ஒரு டொலுவின் மூலக்கூறு. அது உலோகத்தோடும் சேரவில்லை, ஈனியோடும் சேரவில்லை. கரைப்பானாக இருந்தது, படிகம் வளர்ந்தபோது இடைவெளியில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். டொலுவினின் நிறை தொண்ணூற்றிரண்டு. எல்லாம் சேர்த்து எழுநூற்றெழுபத்திரண்டு. வகுத்தேன். மூன்று தடவை வகுத்தேன். பதினொன்று புள்ளி ஒன்பது.

பன்னிரண்டு சதவீதம். அது ஈரமே இல்லை.

சும்மா உட்கார்ந்திருந்த ஒன்றை என் பம்ப் இரவோடிரவாக உறிஞ்சி எடுத்திருக்கிறது. அது போனதும் பக்கத்து மூலக்கூறுகள் நெருங்கியிருக்கின்றன. கோபால்ட் விரிய இடமில்லை. ஈனி எலக்ட்ரானை அனுப்ப வழியில்லை. எல்லாமே குளிர் நிலையிலேயே இறுகிவிட்டிருக்கின்றன. சும்மாதானே இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. யாருக்கு எப்படித் தெரியும், எது சும்மா இருக்கிறது என்று?

கட்டுரையில் அவள் டொலுவினைக் குறித்திருக்கிறாள். என் ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஃபாரத்தை அமைத்தவளும் நான்தான்.

இன்னும் இது ஊகம். அளக்காமல் நம்பமாட்டேன்.

ஜூன் 19, புதன்

நஸ்ரினைக் கூப்பிட்டு, புதிதாக வளர்த்த படிகம் இருக்கிறதா என்று கேட்டேன். சின்னக் குப்பியில் டொலுவினோடு கொண்டுவந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தாளில் வைத்து ஒற்றியெடுத்து, உடனே எடை போட்டு, பம்ப் போடாமல் ஹீலியம் மட்டும் ஊதி உள்ளே இறக்கினேன். என் கையால் அந்தப் பொத்தானைத் தவிர்ப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது! விரல் மூன்று தடவை அதன் மேல் போய் நின்றது.

அவள் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 20, வியாழன்

ஐம்பது கெல்வினில் மேடு. இருநூற்றெண்பதில் ஏற்றம். ஒன்று, ஐந்தாகிறது.

அவளுடைய அச்சுத்தாளை இதன் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று படிந்துவிட்டன. இரண்டு தாளுக்கும் சேர்த்து என் சிவப்பு வட்டம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஜூன் 21, வெள்ளி

குழு கூடியது. தாள்களை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பத்து நிமிடம் ஆயிற்று.

திருவேங்கடம்தான் முதலில் பேசினார். “நான் அப்பவே சொன்னேனே, நஸ்ரின் நல்ல பொண்ணுன்னு.”

“எப்ப சார் சொன்னீங்க?” என்றேன். “தேதி சொன்னீங்கன்னா எழுதிக்குறேன்.”

மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

டீன் சமாதானமாக, “இன்ஸ்ட்ருமென்ட் எரர்னு போட்டு முடிச்சுடலாமா மேடம்? யாருக்கும் சங்கடம் இல்லாம போயிடும்” என்றார்.

இத்தனை நாள் வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை, இதற்கு வந்ததுதான் கோபம். ஒரு பெண்ணைத் திருடி என்று எழுதத் தட்டச்சுக் கடிதம் தயாராக இருந்தது. என்னைத் தவறு செய்தவள் என்று எழுத மட்டும் சொல் கிடைக்கவில்லையா?

“மெஷின் சரியாத்தான் அளந்துச்சு சார். நான் குடுத்தத அளந்துச்சு. நான் கெடுத்துக் குடுத்தேன்.”

“அப்படியெல்லாம் எழுதுனா பழைய அறிக்கை எல்லாத்தையும் கேள்வி கேப்பாங்க மேடம்.”

“கேக்கட்டும்.”

அவளுக்குத் தயாரித்திருந்த கடிதத்தையே வாங்கினேன். பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பிழை நேர்ந்தது, வருந்துகிறேன், அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு சொல்தான் மாற்ற வேண்டியிருந்தது. உமையாள், முனைவர், கருவிப் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

“பேப்பர் போகலாமா மேடம்?”

“போகலாம். என் எண்களையும் சேர்த்து அனுப்பு.”

“உங்க பேரு போடணுமா?”

“வேணாம்.”

“நான் கேட்டது நன்றிப் பகுதியில, மேடம். சூசை அண்ணனுக்கு ஏற்கெனவே போட்டிருக்கேன்.”

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சிரிக்கவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்?

ஜூன் 22, சனி

சுவரிலிருந்த காகிதத்தைக் கிழித்தேன். பதினொரு வருடப் பசை, நான்கு மூலையும் சுவரோடு தங்கிவிட்டது. ஃபாரத்தில் புதிய கட்டம் சேர்த்தேன்: ‘படிகத்தில் கரைப்பான் உண்டா? எது, எத்தனை? உலர்த்தலாமா?’

சூசைராஜ் வாசித்துவிட்டு, “கடைசில ஒரு கையெழுத்து எடம் விடுங்க மேடம். கேட்டோம்னு நாமளும் போடணும்ல” என்றார். சரியாகத்தான் சொன்னார். விட்டேன்.

ஜூன் 24, திங்கள்

பழைய பதிவேடுகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். நானூறுக்கு மேல் மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் உலர்த்துவதற்கு முன் எடை, பின் எடை, என் கையெழுத்தில். குறையாதவை பெரும்பாலும். குறைந்தவற்றைத் தனித்தாளில் எழுதத் தொடங்கினேன்.

2016, ஆகஸ்ட். மாசிலாமணி, இரும்புச் சேர்மம். முன்: 30.0. பின்: 27.3. ஒன்பது சதவீதம். பக்கத்தில் நான் எழுதி வைத்திருக்கிறேன்: ‘ஈரம். கவனக்குறைவு.’

அதற்கு மேல் இன்று வேலை ஓடவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மாசிலாமணியின் தொலைபேசி எண் சூசைராஜிடம் இருந்தது. மணப்பாறையில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறானாம். ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு, இரும்பு பார்த்துச் சொல்வது. இருவரும் வருடத்துக்கு ஒரு தடவை பேசிக்கொள்வார்களாம். எனக்குத் தெரியாது.

மதியம் பேசினேன். பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் நின்றது.

“சொல்லுங்க மேடம்.”

“எட்டு வருஷம் முன்னாடி நீங்க குடுத்த சாம்பிள் பத்தி...”

“இப்ப எதுக்கு மேடம் அது?”

அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். நேற்றே எழுதியும் வைத்திருந்தேன். தாள் கையில் இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன்.

“படிகத்த எதுல வளத்தீங்க?” என்று கேட்டேன். “ரெஜிஸ்டர்ல அதுக்குக் கட்டம் இல்ல.”

“மெத்தனால்.” யோசிக்கவே இல்லை. “ஒரு மூலக்கூறுக்கு ரெண்டு மெத்தனால், மேடம். ஒம்பது சதவீதம்.”

ஒன்பது என்று நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.